ஒரு கிலோமீற்றர் வெளிச்சம்

தம்பி அந்த ரோச் லைற்றை மருதனார்மடச் சந்தையில் வாங்கி வந்தான். வெளிச்சம் ஒரு கிலோமீற்றர் போகும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. பெட்டியில் எழுத யாருக்குத்தான் கை வலிக்கும் என்று கேட்டேன். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. பொழுதுபட்டதும் என்னையும் தன் மனைவியையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பிள்ளையார் கோயில் மதிலுக்கு அடித்துக் காட்டினான். திருவிழாவுக்கு வெள்ளையடித்த மதில் பளீரென்று தெரிந்தது.

"இப்ப என்ன சொல்லுறியள், அக்கா?"

வெள்ளைச் சுவரில் ஒரு நிமிடம் அடித்துப் பார்த்ததோடு எங்கள் சோதனை முடிந்தது.

எங்கள் கரையில், தண்ணீருக்குள் பாறையாய்க் கிடக்கும் முருகைக்கல் பாருக்கு நடுவே ஒரு படகு நுழையத்தான் இடம் உண்டு. இருட்டியும் வராத படகுக்கு, அந்த வழிக்கு நேரே கரையில் பழைய வண்டி ரயரைக் கொளுத்துவது வழக்கம். பற்றிக்கொண்டால் மழைக்கும் இலேசில் அணையாது. ஆனால் புகை நாறும், உடுப்பெல்லாம் கரி. ரோச் வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் ரயர் எடுத்து வைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு பின்னேரம், எஞ்சின் பழுது, வரப் பிந்தும் என்று மீன்பிடிக்கப் போன தம்பி கடலிலிருந்து போன் எடுத்தான். மழை பிடித்து நேரத்தோடு இருட்டிவிட்டது. அவன் மனைவி கரையில் அந்த வழிக்கு நேரே ரோச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னேரம் முழுக்கச் சார்ச் போட்ட ரோச். முதலில் நன்றாகத்தான் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, அவள் காலடி மணலைக்கூடக் காட்ட மாட்டாமல் போயிற்று. நான் ஓடிப்போய் அயல் வீட்டில் ரயரும் மண்ணெண்ணெயும் வாங்கி வந்தேன். நனைந்த ரயர் பற்றுவதற்குள் படகு பாரில் மோதும் சத்தம் கேட்டது.

விடியத்தான் அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டியில் எழுதியவன் நாசமாய்ப் போக என்று மண்ணை அள்ளித் திட்டினேன். இன்றைக்கும் திட்டுகிறேன்.

அவன் செத்து ஒரு வாரத்தில், எட்டுச் செலவு படைத்து முடிந்த அன்று தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நான் நேராய்த்தானே பிடிச்சனான், மச்சாள்?"

"ஓம். நீ நேராய்த்தான் பிடிச்சனீ. உந்த ரோச்தான் பொய்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இல்லை மச்சாள். எனக்குக் குளிர். என்ரை கைதான் நடுங்கினது."