எல்சி வரைந்த முன்னறை

எல்சியால் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. மின்னஞ்சலில் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது எழுந்து நிற்பாள். மின்விசிறியைக் கூட்டுவாள், குறைப்பாள். படியிறங்கிப் போய் டீ சொல்லிவிட்டு, டீ வருவதற்குள் மேலே வந்துவிடுவாள். சீர்காழி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், பஞ்சநதத்தின் பிரவுசிங் சென்டர். அதில் ஜன்னலோர மேசை ஒன்று அவளுக்கு வாடகைக்கு.

"நீ உக்காந்தாத்தாம்மா ஃபைல் போவும்" என்பார் பஞ்சநதம்.

"நான் நின்னாத்தாண்ணே அது பயந்துகிட்டுப் போவுது."

தரங்கம்பாடிக்காரி. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்ததும் சென்னைக்குப் போனாள். அங்கே ஒரு நிறுவனம் அமெரிக்கக் கட்டடங்களின் பழைய காகித வரைபடங்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. பார்த்தே இராத ஊர்களின் சமையலறைகளையும் மாடிப்படிகளையும் வரைந்தாள். வாடிக்கையாளர் வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்ததும் நிறுவனம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பியவள் துபாய்க்கு ஒரு விண்ணப்பம், சிங்கப்பூருக்கு ஒன்று என்று போட்டபடியே வீட்டு பிளான் வரைய ஆரம்பித்தாள். பாஸ்போர்ட் எப்போதும் கைப்பையில் இருக்கும்.

அது இரண்டாயிரத்து ஐந்து. வயலையொட்டிய மனைகளிலெல்லாம் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. மனை இங்கே இருக்கும், மனைவி இங்கே இருப்பாள், சம்மதம் மட்டும் வளைகுடாவிலிருந்து வரவேண்டும். மற்ற பிளான்காரர்கள் முதலில் மனையின் நீள அகலத்தைக் கேட்பார்கள். எல்சி கேட்பது வேறு: "அங்க எதுல தெறந்து பாப்பாரு?"

ஜேபெக் படமாக அனுப்பினால் எந்தக் கணினியும் திறந்துவிடும். இரண்டு தட்டு தட்டினால் போதும், தனி மென்பொருள் வேண்டாம். ஆனால் பெரிதாக்கினால் எண்கள் கரையும். பத்தரை அடி பதினாறரையாகத் தெரிய, ஒருவர் மஸ்கட்டில் உட்கார்ந்து அறைக்குள் நுழையாத கட்டிலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். பிடிஎஃப்பில் கோடு உடையாது. அதன் ரீடர்தான் பழைய கணினிகளில் எழுந்து வருவதற்குள் பிரவுசிங் காசு ஓடிவிடும். அதிலும் படத்தைப் பிடித்திழுக்கும் கைக்குறி பழகாதவருக்கு எமன். அடுப்படியைத் தேடிப் போனவர் மதில் மூலையில் போய் நிற்பார். அச்சடித்தால் கேட்காமலே தாளுக்குள் சுருக்கிக் கொடுக்கும். மூன்றாவது டிடபிள்யூஜி, அவள் வரைகிற மூலக் கோப்பு. எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்க்கச் சில இலவச வியூவர்கள் உண்டு என்றாலும் பொத்தான்களெல்லாம் பொறியாளருக்காகவே வைத்தவை. வீட்டுக்காரர்கள் அதைக் கேட்பதில்லை.

குத்தாலத்திலிருந்து வந்த ஹஃப்ஸா தலையிலிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து மேசையில் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பேசினாள்.

"முன்னறையில ரோட்டப் பாத்து ஒரு ஷட்டர் வேணும் எல்சி. உள்ள மூணு தையல் மெஷின். அவருக்கு அனுப்புறதுல மட்டும் அது ஹாலாவே இருக்கட்டும்."

"ரெண்டு வீடாக்கா?"

"ஒரே வீடுதான். பாக்குற ஆளு ரெண்டு."

கணவர் லியாகத் அலிக்குக் குவைத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை. ஹஃப்ஸா இப்போது தைப்பது அவருடைய அண்ணன் வீட்டுப் பின்கட்டில். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் அடுப்படியைத் தாண்டித்தான் வரவேண்டும். ஒவ்வொருத்தி தாண்டும்போதும் ஓரகத்தி அனீஸா குழம்புச் சட்டியை டொக்கென்று மூடுவாள். தெருப்பக்கம் ஓர் அறை கிடைத்தால் பள்ளிச் சீருடை ஆர்டர் பிடிக்கலாம். அந்த அறைக்காகத்தான் ஹஃப்ஸா மனை வாங்கச் சொன்னதே. லியாகத்திடம் ஒருமுறை கடை என்று வாயெடுத்ததற்கு மூன்று நாள் அவர் பேசவில்லை.

எல்சி ஹால் போட்ட பிளானை பிடிஎஃப்பாக அனுப்பினாள். முன்னறையின் தெருப்பக்கம் தவிர மற்ற சுவர்கள் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது லியாகத்திடமிருந்து தகவல் வந்தது: தாளில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, அறைத்தோழர் அஹமது கபீர் டிராஃப்ட்ஸ்மேன், அவரிடம் வியூவர் இருக்கிறது, மூலக் கோப்பையே அனுப்பவும். கபீர் அன்று மாலைதான் சும்மா இருப்பாராம். எல்சி நின்றுகொண்டே மூலக் கோப்பில் ஷட்டரைத் துடைத்தாள், மெஷின்களைத் துடைத்தாள், ஹால் என்று எழுதினாள், அனுப்பினாள்.

மறுநாள் காலை அவள் செல்போனில் லியாகத் வந்தார்.

"நல்லாருக்கியாம்மா? கபீர் தெறந்துட்டாரு. பளிச்சுன்னு தெரியிது."

"சந்தோஷம் பாய்."

"ஓரத்துல ஒரு லிஸ்ட் வருது. கட்டிலு, சோபா, சிங்க்கு, எல்லாம் சின்னச் சின்னப் படமா. அதுல ஒரு தையல் மெஷின் இருக்கே, அது யாரு வூட்டு மெஷின்?"

எல்சி எழுந்துவிட்டாள். ஒரு பொருளின் வடிவத்தை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் முத்திரை போலக் குத்துவதுதான் வழக்கம். குத்திய இடங்களை அவள் துடைத்திருந்தாள். முத்திரை கோப்புக்குள் கிடந்தது. அதை வெளியேற்றத் தனியாக ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்ட மறந்திருந்தாள். அவளுடைய மென்பொருளில் அந்தப் பட்டியலைத் தேடிப் போனால்தான் தெரியும். கபீரின் வியூவர் அதைத் திரையோரத்திலேயே கடை பரப்பி வைத்திருந்தது.

"வேற பிளான்லேருந்து வந்திருக்கும் பாய்."

"ஓ. ஷட்டர்னும் ஒண்ணு இருக்கு. அதுவும் வேற பிளானா?"

எல்சி கையை நீட்டி மின்விசிறியைக் குறைத்தாள்.

"வாசல்ல ஷட்டர் தூக்குனா நான் அனுப்புறது பத்தலன்னு ஊரே பேசும்மா. எங்கண்ணன் மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது? கபீர் வேற பக்கத்துல நின்னு சிரிக்கிறாரு. சுவராவே இருக்கட்டும்னு ஹஃப்ஸாட்ட சொல்லிடு."

எல்சி போனில் சொன்னதும், பன்னிரண்டு மணி பேருந்தில் ஹஃப்ஸா வந்தாள்.

"என் தப்புதான்க்கா. அவசரத்துல ஒண்ண விட்டுட்டேன்."

"நீ விட்டது கெடக்கட்டும். ஒளிச்சு வச்சது நானு. அவருக்குக் கோவம் கடை மேலயா, கபீர் சிரிச்சது மேலயா?"

"ரெண்டும்தான்."

"அப்ப கபீர் இல்லாம பாக்கட்டும். எல்லாத்தையும் போட்டு வரை. ஷட்டர், மெஷின், துணி வெட்டுற மேசை. யாரையும் கூப்பிடாம அவரே தெறக்குற மாதிரி அனுப்பு."

அப்படியென்றால் ஜேபெக்தான். எண்கள் கரையாமலிருக்க எல்சி முன்னறையை மட்டும் எடுத்துப் பெரிதாக வரைந்து, அளவுகளைக் கொட்டை எழுத்தில் போட்டாள். ஷட்டருக்கு மேலே ஹஃப்ஸா தையலகம் என்று பலகையும் வைத்தாள். படமாகவே போவதால் அங்கே தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அனுப்பிவிட்டு இருவரும் நின்றார்கள்.

அதற்குள் ஹஃப்ஸாவின் போனில் கொத்தனார் ரெங்கசாமி. "சுவரா, தெறப்பாம்மா? ஆளுங்க கரண்டிய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"செத்த இருங்கண்ணே."

மூன்று மணிக்கு எல்சியின் போன் அடித்தது. லியாகத். இந்த முறை பின்னால் யாருடைய குரலும் கேட்கவில்லை.

"படம் தெறக்கலையேம்மா" என்றார்.

"தெறக்கலையா பாய்?"

"தெறக்கல. சரி, வேலைக்குப் போறேன்." வைத்துவிட்டார்.

எல்சிக்கு நிலைகொள்ளவில்லை. அனுப்பிய அதே மின்னஞ்சலைச் சென்டரின் ஒவ்வொரு கணினியிலும் திறந்தாள். புதியதில் திறந்தது. எழுத்து தேய்ந்த விசைப்பலகைக்காரப் பழசிலும் திறந்தது.

"எங்க பாத்தாலும் தையலகமா தெரியிது" என்றார் பஞ்சநதம். "என் கடைய எப்ப காலி பண்ணணும்?"

"இது தெறக்காம இருக்க வழியே இல்லக்கா" என்றாள் எல்சி. "இன்னொரு தடவ அனுப்பவா?"

ஹஃப்ஸா திரையில் இருந்த பலகையைப் பார்த்தாள்.

"தெறக்கலன்னுதான சொன்னாரு?"

"ஆமா."

"வேணாம்னு சொன்னாரா?"

"இல்லக்கா."

"திரும்ப அனுப்புன்னாரா?"

"அதுவும் சொல்லல."

ஹஃப்ஸா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து போனை எடுத்தாள். "ரெங்கசாமிண்ணே, ஷட்டருக்கு எடம் விட்டுக் கட்டுங்க. ஆமா, படத்துல இருக்குற அகலந்தான். எல்சி பக்கத்துலதான் இருக்கு, கேட்டுக்குங்க."

எல்சி அகலத்தைச் சொன்னாள். கொத்தனார் இன்னொன்று கேட்டார். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

"ஷட்டர் சுருளுற பெட்டி உள்பக்கமா வெளிப்பக்கமான்னு கேக்குறாருக்கா. உள்ள வச்சா எறக்கிவிட்டப்புறம் கடைன்னே அவ்வளவா தெரியாதாம்."

"வெளிய" என்றாள் ஹஃப்ஸா. "ரோட்டுலேருந்து தெரியட்டும்."