3112-ஆம் பதிவு

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. என் மூக்கு பொய் சொல்லாது. போன ஜூலையில், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். குளிர் அறைகளை இயக்கும் புரோகிராமில் யார் எதை மாற்றினாலும், அது எண்ணோடும் பெயரோடும் நாள், நேரத்தோடும் பழைய சர்வரில் பதிவாகும். அத்தனை பதிவுகளையும் ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் புது சர்வருக்கு நகல் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை பழையதை அணைத்துவிடுவார்கள்.

மதியம் 1.40. நகல் 3112-இல் நின்றது. பதிவு கெட்டுப்போயிருந்தது. பிழைச் செய்தியில் எழுதியவர் பெயர் மட்டும் தெரிந்தது: இன்பமணி. நான் சேருவதற்கு முன்பு இருந்தவர் போலும்.

மறுபடி ஓட்டினேன். நின்றது. அப்போதுதான் அந்த நாற்றம்... அழுகிய இறால். நான் இருந்ததோ ஏசி அறை. இறால் ஆலை அரை கிலோமீட்டர் தள்ளி.

மூன்றாம் முறை. கீபோர்டு பிசுபிசுத்தது. விரலை எடுத்தால் நூல் நூலாக வந்தது.

மேனேஜர் செந்தூர்வேலுக்குப் போன் செய்தேன்.

“3112 வர மாட்டேங்கு அண்ணாச்சி. பேக்கப்புல தேடட்டுமா?”

“யாரு எழுதினது?”

“இன்பமணி.”



“தேடாத விஜிலா. அத விட்டுட்டு அடுத்ததுல இருந்து ஏத்து.”

அதற்கு வழி இருந்தது. புது சர்வரில் 3112-ஆக ஒரு வெற்றுப் பதிவைப் போட்டேன். குறிப்பு: ‘காலி’. ‘கடைசியாக ஏறிய பதிவு’ என்ற இடத்தில் 3112 என்று கையால் மாற்றினேன். 3113 ஏறியது. 3114...

2.25. முடிந்தது. சரிபார்க்க 3112-ஐத் திறந்தேன்.

‘காலி’ இல்லை.

‘கதவைத் திற... கதவைத் திற...’ திரை முழுக்க.

பின்னால், சொத்... சொத்...

கழுத்தில் ஏதோ பட்டது.

ஈரமாக.

வெதுவெதுப்பாக...

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினேன். படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தேன்.

திங்கட்கிழமை, ஆலையில் இறால் உரிக்கும் சீனித்தாயிடம் கேட்டேன்.

“இன்பமணி சாரா? மூணு வருசம் முந்தி, பெரிய வெள்ளிக்கு ஆலைய அடைக்கும்போது குளிர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாரும்மா. ஆள் இருக்கான்னு பாக்காமலே செந்தூர்வேல் அண்ணாச்சி பூட்டச் சொல்லிட்டாரு. அன்னைக்கு ராத்திரியே உசுரு போயிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. மறுநா கரண்டும் போயிட்டு. திங்கக்கிழம தெறந்தா... இறாலோட இறாலா அழுகிக் கெடந்தாரு.”

“அந்த இறால என்ன பண்ணுனாவ?”

“கோழித் தீவனத்துக்குக் கொடுத்திட்டாவ.”

பழைய சர்வரை அணைக்கும் முன், இன்பமணி 3112-ஐ எழுதிய நாளை மட்டும் தேடிப் பார்த்தேன்.

அவர் செத்த அதே வருடம். பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறு. மதியம் 2.12.