கஞ்சாச் சாக்குக்கு ஒரு சாட்சி

மயிலிட்டியில் ஒரு சம்மாட்டி முதலாளியின் தோணியில் என் அண்ணை வேலை செய்தார். அக்கரையிலிருந்து வந்த ஒரு வெங்காயச் சாக்கைச் சம்மாட்டி சொன்னபடி கரைக்குத் தூக்கி வரும்போது பொலிசார் மறித்துப் பிடித்தார்கள். வெங்காயத்துக்கு அடியில் கஞ்சா இருந்தது.

"கையிலை பிடிபட்டால் குற்றந்தான். உள்ளுக்கை என்ன இருந்ததெண்டு தெரியாமல் தூக்கினவன் எண்டு காட்டினால் தப்பலாம். அதுக்குச் சாட்சி வேணும்," என்றார் அண்ணைக்காக வழக்குப் பேச வந்த பிறக்கிராசி.

சம்மாட்டி சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் எங்கள் மாமா. அவரும் அதே தோணியில்தான் தொழில் செய்தார். அம்மா தன் தம்பியிடம் போய் அழுதாள்.

"அழாதை அக்கா, நான் வந்து உள்ளதைச் சொல்லுறன்."

மாமா சாட்சிக் கூண்டில் ஏறியபோது சம்மாட்டி பின்வரிசை வாங்கில் இருந்தார்.

"சாக்கைத் தூக்கச் சொன்னது ஆர்?" என்று பிறக்கிராசி கேட்டார்.

"எனக்குத் தெரியாது ஐயா. நான் ஒண்டும் காணேல்லை."

அண்ணை தலை குனியவில்லை; மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றே அவரை மறியலில் அடைக்கக் கொண்டு போனார்கள்.

மறுநாள் மாமா ஓலையில் கோத்த மீனோடு எங்கள் படலை வாசலில் நின்றார். "எனக்கும் பிள்ளையள் இருக்குதுகள் அக்கா," என்றார். வீட்டில் சோற்றுக்குக் கறியில்லை. அம்மா மீனை வாங்கிக் கழுவி, அறுத்துக் குழம்பு வைத்தாள். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். குழம்பு ருசியாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.