எமில் அண்ணையின் தாராப் படகு

போன சனிக்கிழமை ஹரோவில் மகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுச் சந்தில் யாரோ தோட்டக் கொட்டிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். மணம் காருக்குள் வந்ததும் அடுத்த வளைவில் திரும்ப மறந்து நேரே போய்விட்டேன். நல்ல மணம் என்று சொல்லமுடியாது. தலையிடி தருகிற மணம். ஆனால் லண்டனில் என்னுடைய முதல் இரண்டு வருடங்களும் அதற்குள்தான் கிடக்கின்றன.

அப்போது நான் எமில் அண்ணை வீட்டு மேல்மாடியில், கட்டிலை வைத்தால் கதவு முழுதாகத் திறக்காத ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் மன்னார்க்காரர், பஸ் கராஜில் மெக்கானிக். மனைவி ரஞ்சி அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளைகள் இல்லை. வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ரஞ்சி அக்காவின் தம்பி பள்ளிச் சீருடையில் படமாக இருப்பான். டியூஷனுக்குப் போன வழியில், சண்டைக்கு ஆள் சேர்க்க என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பிறகு உடல்கூட வரவில்லை. பின்னேரம் வேலையால் வந்து கிறீஸ் போகக் கைகழுவியதும், எமில் அண்ணை முதலில் செய்வது அந்தப் படத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவது. மனைவியின் தம்பிக்கு இப்படிச் செய்கிற மனிதர் உண்டா என்று நான் வியந்திருக்கிறேன்.

படகைத் தந்தவர் கொலின், கராஜில் அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர். குளிர்காலத்தில், தேம்ஸ் கடலோடு சேருகிற சேற்று நிலங்களில் தாரா சுடப் போவார். (காட்டு வாத்து என்று நீங்கள் சொல்லலாம். எங்களுக்கு எல்லாம் தாராதான்.) முழங்கால் பழுதாகிச் சேற்றில் நடக்கமுடியாமல் போனதும், இறந்துபோன மைத்துனரின் பழைய மரப் பாய்ப்படகைத் திருத்தி வேட்டைக்கு மாற்றினால் படுத்தபடியே போகலாம் என்றார். மாற்றித் தந்தால் எமில் அண்ணைக்கும் படகில் ஓர் இடம். அதற்கு அவர் தனியாகத் துவக்கு லைசென்ஸ் (துப்பாக்கி உரிமம்) எடுக்கவேண்டும்.

படகு ட்ரெய்லரில் வந்து எங்கள் பின்தோட்டத்தில் இறங்கியபோது அதற்குள் ஒரு செடி பூத்திருந்தது. ரஞ்சி அக்கா அதைப் பார்த்துவிட்டு, பூச்சாடியாகவே வைத்திருக்கலாம் என்றார். எனக்குப் படகென்றால் நயினாதீவுக்குப் போன லோஞ்ச் ஒன்றுதான் தெரியும். அதிலும் மறுகரை தெரியும்வரை சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வார இறுதிகளில் எமில் அண்ணை என்னைக் கூப்பிட்டு உதவிக்கு வைத்துக்கொண்டார். பழைய வார்னிஷைச் சுரண்டுவதற்குத் தைரியம் தேவையில்லை.

உள்ளே வளைந்து கிடந்த விலாச் சட்டங்கள் பாதிக்குமேல் உளுத்திருந்தன. சுவர்க்கடதாசி உரிக்கிற நீராவி மெஷினை ஒரு தண்ணீர்க் குழாயில் பொருத்தி, புதிய ஓக் சட்டங்களை அதற்குள் விட்டு அவிப்பார். குசினி யன்னலால் ரஞ்சி அக்கா எட்டிப் பார்த்து, பிட்டு அவிந்துவிட்டதா என்று கேட்பார். அவிந்த சட்டத்தை இழுத்தெடுத்து, ஆறுவதற்குள் படகின் வயிற்றில் வைத்து வளைக்கவேண்டும். "பிடியும் தம்பி, விட்டிடாதையும்" என்று அண்ணை ஆணி அடிப்பார். மரம் அவ்வளவு சுலபமாக வளையும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

பிறகு அதைப் பாய்ப்படகு இல்லாமல் ஆக்கினோம். பாய்மரத்தைக் கழற்றினோம். காற்றில் பக்கவாட்டில் இழுபடாமல் இருக்க அடியில் பலகை இறக்குகிற நீளத் துவாரத்தை அடைத்தோம். ஆள் படுத்தால் வெளியே தெரியாதபடி முன்பாதிக்கு பிளைவூட் மூடி போட்டு, விளிம்பு முழுக்க நாணல் செருகத் துளைகள் வைத்து, சேற்று நிறத்தில் பெயிண்ட் அடித்தோம். காய்ந்த பலகைகள் ஊறிப் பொருமினால்தான் ஒழுக்கு நிற்கும் என்று தோட்டக் குழாயால் படகை நிரப்பியபோது, பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா வேலிக்கு மேலால் பார்த்து, தண்ணீர் வெளிப்பக்கம் அல்லவா இருக்கவேண்டும் என்றார். எமில் அண்ணை அன்று சிரித்த மாதிரிப் பிறகு நான் பார்க்கவில்லை.

துவக்கு லைசென்ஸ் கேட்டால் பொலிஸிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள். வந்தது ஓர் இளம்பெண். எங்கள் வாசலில் சப்பாத்துகளைக் கண்டு தன்னுடையதையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். துவக்கைப் பூட்டிவைக்கப் படிக்குக் கீழே இடம் ஒதுக்கியிருப்பதைக் காட்டினோம். திருப்தி. மொழிபெயர்க்க என்று நானும் மேசையில் இருந்தேன். எழும்புவதற்கு முன், வழக்கமான கேள்வி மாதிரி, இதற்கு முன் துவக்குப் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

எமில் அண்ணைக்கு அந்த ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். இருந்தும் என்னைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லும். பதினெட்டு வயசில. இயக்கத்தில இருந்தனான்."

ரஞ்சி அக்கா தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றார். நான் ஆங்கிலத்தில் சொல்லிமுடிக்க முன்னமே அவருக்கு அது, முதல் தடவையாக, தமிழில் கேட்டுவிட்டது. தட்டைச் சிந்தாமல் மேசையில் வைத்தார். அந்தப் பெண்ணிடம் சீனி வேண்டுமா என்று கேட்டார். அவள் போனபிறகுதான் கணவரைப் பார்த்தார்.

"நீங்களும் பிள்ளையளைப் பிடிக்கப் போனனீங்களோ?"

இல்லை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்தாலும் அந்த மேசையில் நாங்கள் மூன்று பேரும் அதைப் பிடித்துக்கொண்டிருப்போம். அவர் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சி அக்கா மெதுவாக மேலே ஏறிப்போனார்.

லைசென்ஸ் கிடைக்கவில்லை. எமில் அண்ணைக்கு அது பெரிதாகப் படவில்லை. அவருடைய பயம் வேறு. குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பழைய விசா விசாரணையை மறுபடி கிண்டுவார்கள் என்று நம்பினார். வாசலில் கார் நின்றால் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். யாரும் கூப்பிடவில்லை. ரஞ்சி அக்கா ஒரு மாதம் அதே வீட்டில் சமைத்து, அதே மேசையில் பேசாமல் சாப்பிட்டார். பிறகு தம்பியின் படத்தைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு குரோய்டனில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போனார். பெட்டியை நான்தான் ரயிலடிவரை தூக்கிச் சென்றேன். பிளாட்பாரத்தில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இத்தனை வரிசம் என்ர தம்பிக்கு மெழுகுதிரி கொளுத்தினவர். அந்தக் கையைத்தான் நினைக்க ஏலாமக் கிடக்கு."

ஜனவரியில் கொலின் வந்து படகை ஒருமுறையாவது தண்ணீரில் விடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எமில் அண்ணை வரமாட்டேன் என்றார். என்னைப் போகச் சொன்னார். நீந்தத் தெரியாத நான் இரண்டு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். படகு ஒரு துளியும் ஒழுகவில்லை. நாணலுக்குள் நாங்கள் படுத்திருக்க, தாராக்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்திறங்கின. கொலின் இரண்டைச் சுட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டையும் எமில் அண்ணைக்கே கொடுத்துவிட்டார். அண்ணை கொதிநீரில் அமுக்கி இறகு பிடுங்கி, தேங்காய்ப்பால் விடாமல் உறைப்பாகக் கறி வைத்தார். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். அவருடைய வாயில் ஒரு சன்னம், கொலின் சுட்ட குண்டின் சின்ன மணி, அகப்பட்டது. எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒருக்காவாவது துவக்கைச் சாப்பாட்டுக்கெண்டு தூக்கிப் பார்ப்பம் எண்டு நினைச்சன் தம்பி. வேற ஒண்டுமில்லை."

பிறகு சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றுக் காசில் பாதியை ரஞ்சி அக்காவுக்கு அனுப்பிவிட்டு எமில் அண்ணை வடக்கே எங்கோ போனார் என்று கொலின்தான் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது. கராஜில் விடைபெறும் தேநீருக்குக்கூட நிற்கவில்லையாம். வீட்டை வாங்கியவர்கள் பின்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். கொலின் எடுக்காமல் விட்டுத் தோட்டத்தில் கிடந்த படகை வேலைக்காரர்கள் மரம் அறுக்கிற வாளால் அறுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டதை, தபால் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்கப் போன நான் பார்த்தேன். எங்கள் ஓக் சட்டங்கள் வளைவு மாறாமல் இருந்தன. கொலின் இறந்து இப்போது சில வருடங்கள்.

போன மாதாத் திருநாளில் கோயில் வாசலில் ரஞ்சி அக்காவைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார். என் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு, அவள் கொஞ்சம் தள்ளிப்போனதும் கேட்டார்.

"அவர் இருக்கிறாரோ எண்டாவது தெரியுமோ?"

தெரியாது அக்கா என்றேன். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். எமில் அண்ணையைப் பற்றிக் கேட்க எனக்கு அவரையும், அவருக்கு என்னையும் தவிர இந்த லண்டனில் இனி ஆளில்லை.