வலியை மறைக்கக் கற்றுக்கொடுத்தேன்

முடிச்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில், ஞாயிறு காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தருகிறேன். "கராத்தே கத்துக்கிறவங்க அழக்கூடாது" என்று அடிக்கடி சொல்வேன்.

போன மாதம், இரண்டாம் வகுப்பு படிக்கும் யாழினி உதை பழகும்போது விழுந்தாள். உடனே எழுந்து நின்றதால், "சபாஷ்" என்று சொல்லி வகுப்பைத் தொடர்ந்தேன்.

மதியம் அவள் அம்மா போன் செய்தார். "சார், கை எலும்பு முறிஞ்சிருக்கு. வீங்கினப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாவுக்கட்டோடு இருந்த யாழினி என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னாள்: "மாஸ்டர், நான் அழவே இல்ல."

அவள் அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

இப்போது "வலிச்சா உடனே சொல்லணும்" என்றுதான் வகுப்பை ஆரம்பிக்கிறேன். போன வாரம் ஒரு குட்டிப்பெண் "வலிக்குது மாஸ்டர்" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. நான் வருகிறேனா என்று சும்மா சொல்லிப் பார்த்திருக்கிறாள். கோபமே வரவில்லை.