மாமாவின் படத்தில் நான் வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எங்கள் குடும்பத்தில் இதை மாரியம்மன் செய்த அற்புதம் என்றே சொல்லி வருகிறார்கள். அம்மன் பெயர் சம்பந்தப்பட்டதில் வாயைத் திறக்கப் பயம். ஆனால் அன்று கூட இருந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அம்மாவின் தம்பியான என் மாமா இந்தியா போவதென்று முடிவாகியிருந்தது. அவர் முதலில் போய் திருச்சிப் பக்கம் பூர்வீக ஊரில் இடம் பார்ப்பது, பிறகு நாங்களும் கிளம்புவது என்பது அப்பாவின் ஏற்பாடு. மாமாவிடம் யாரும் சம்மதம் கேட்டதாக ஞாபகம் இல்லை. காலை பஸ்ஸில் நுவரெலியா போய், ஆபீஸில் பயணப் பத்திரத்துக்குக் கடைசி முத்திரை வாங்கி, நானுஓயாவில் அவரை ரயிலேற்றிவிட்டு நாங்கள் அன்றே திரும்ப வேண்டும். எனக்கு அது டவுன் பார்க்கிற பயணம், அவ்வளவுதான்.

எந்தப் புதுக் காகிதம் வந்தாலும் சாமி படத்தின் முன் வைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே அந்த வேலையை என்னிடம் விட்டாள். பத்திரத்தில் ஒட்டியிருந்த படத்தில் மாமா வெறும் நெற்றியோடு இருந்தார். பயணம் போகிறவர் அப்படிப் போகலாமா? திருநீற்றைக் குழைத்து ஒரு கீற்று இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அது மூக்கு வழியாக வழிந்தது. பதறிப்போய்ப் பாவாடை நுனியை நனைத்துத் துடைத்தேன். மாமாவின் மூக்கும் ஒரு கண்ணும் பாவாடையோடு வந்துவிட்டன. சத்தம் போடாமல் மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

ஆபீஸ் திறக்கும்வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். மாமா வாங்கித் தந்த பணிஸ் பன்னை நான் தின்னாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

"என்னா புள்ள, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றார் அப்பா.

"ஒன்னுமில்லப்பா."

ஆபீஸில் இருந்த சிங்கள ஐயா பத்திரத்தை விரித்து, "மூண கோ?" என்றார். முகம் எங்கே என்று கேட்கிறார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு மாமாவை முறைத்தார். மாமாதான் பேசினார்.

"லயத்துக் கூரை ஒழுகுதுங்க சேர். மழத்தண்ணி பட்டுருச்சு."

"மழத்தண்ணி செவப்பா இருக்கா?" என்றார் ஐயா, தமிழில்.

"எங்க தோட்டத்துல அப்படித்தானுங்க."

ஐயா சிரித்துவிட்டார். ஆனாலும் முத்திரை குத்தவில்லை. புதுப் படம், புது மனு, இன்னும் சில மாதம் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் அப்பா கத்தினார். "ஒரு காயிதத்த ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. நீ இந்தியா போயி என்னாத்தக் கிழிக்கப் போற, மாப்ள?"

"அதான் போகலையே, மச்சான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மாமா தகரப் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் கடலையைக் கொட்டினார். என் காதருகே குனிந்தார்.

"பொட்டு வச்சது நீதானே?"

நான் அழ ஆரம்பித்தேன்.

"அட, அழுவாதடி. ஏரிக்கரையிலயே ஒறையத் தொறந்து பாத்துட்டேன்."

அவருக்குக் கோபமே இல்லை. அப்போதுதான் எனக்குப் பசித்தது.

"அங்கனயே படம் புடிக்கிற கடை இருந்துச்சே மாமா. புதுசா எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருக்கலாந்தான்" என்று கடலையை உரித்து என் வாயில் போட்டார்.

இவ்வளவு பெரிய காரியத்தில் மாமாவுக்கு இப்படி ஒரு யோசனை வராமல் போயிற்றே என்று நான் பரிதாபப்பட்டேன். அவர் கடைசிவரை புது மனு போடவே இல்லை. அதற்கும் மறதிதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

தம்பி போவதை அம்மனே தடுத்தாள் என்று அம்மா அந்த வாரமே பொங்கல் வைத்தாள். நானும் அதை நம்புகிறேன். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அம்மன் தடுத்தாள், அதற்கு என் விரல் உதவியது, மாமா பேசாமல் இருந்ததும் உதவியது. இதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.