செங்கமலம் வெட்டிய வடம்

ராக்கன் கோபுரம் ஏறுகிறவர். பொம்மைகளின் இடுக்கில் முளைக்கிற அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு எடுப்பதுதான் அவர் பிழைப்பு. உச்சி நிலையில் வடத்தைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்குவார். ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வடத்துக்குப் பொறுப்பு அவர் மனைவி செங்கமலம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

கடற்கரைப் பக்கம் கயிறு திரிக்கிற வீட்டில் பிறந்தவள் அவள். ஒவ்வொரு தடவையும் அவர் ஏறுவதற்கு முன்னால் வடத்தை மடியில் போட்டு, சாண் சாணாக முறுக்கைப் பிரித்து உள்நாரைத் தடவுவாள், மோந்து பார்ப்பாள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஒரு வருஷம். ஒரு சிற்றூர்க் கோயிலில் நாலு நாளில் கும்பாபிஷேகம். கோபுரத்தடியில் உட்கார்ந்து வடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவளின் விரல் நடுவில் ஓரிடத்தில் நின்றது.

"இதுல ஏற வேணாங்க."

"போன மாசம்தானே புள்ள ஏறுனேன்? ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் ராக்கன்.

கோயில் நிர்வாகம் பார்க்கிற மணியம் சிவசாமிக்குப் பொறுக்கவில்லை. "புதுக் கயிறு இப்ப எங்கிட்டுப் போயி வாங்குறது? வெளியில நல்லாத்தானே இருக்கு?"

"மழையில நனைஞ்ச வடம் உள்ளுக்குள்ளதாங்க சாகும்."

ராக்கனோடு வேலை பழக வந்திருந்த மூக்கன் சிரித்தான். "அண்ணன் ஏறலைன்னா நான் ஏறுறேன். இங்கிட்டுக் குடுங்க வடத்தை."

செங்கமலம் மூக்கனைப் பார்த்தாள். அவர் ஏறாவிட்டால் இவன் ஏறுவான். ராக்கனின் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவி, வடத்தைக் கல்லில் வைத்து வெட்டினாள். முடிச்சுப் போட்டுக்கூட யாரும் ஏற முடியாதபடி ஏழெட்டுத் துண்டாக்கினாள்.

"அடிப்பாவி!" என்று கத்திக்கொண்டு வந்தார் ராக்கன். அவள் ஒரு துண்டைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது நார். அவர் அதைப் பார்த்தார். கோபுரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே கிடந்த அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செங்கமலம் அப்போதே கிளம்பிப் பிறந்த வீட்டுக்கு நடந்தாள். கயிறு கிடைக்காத அந்த நாளில், வேறொருவருக்காகத் திரித்து வைத்திருந்த வடத்தை அண்ணன் இருளாண்டியிடம் கெஞ்சி வாங்கி, தலையில் சுமந்துகொண்டு மறுநாள் வந்து சேர்ந்தாள். வந்தும் விடவில்லை. "ஒரு நாள் பாரம் தொங்கட்டும்" என்று ஆட்டுக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். மணியம் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் ராக்கன் ஏறினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வடம் கல்விளிம்பில் உரசுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் கடைசிக் கன்றும் கீழே விழுந்தது.

அடுத்த வாரம் மூக்கன் தனக்கென்று எங்கோ தேடிப்பிடித்த ஒரு பழைய வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

செங்கமலம் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.